ஏணி வைத்திருந்ததால் வைஃபை பார்த்தவர்

என் கணவர் கர்சோனோவுக்கு வைஃபையைப் பற்றி ஒன்றும் தெரியாது. இதைச் சொன்னால் எங்கள் தெருவில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மறுக்கவும் மாட்டார்கள். சிரித்துக்கொண்டே தலையை ஆட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். ஜாவாவின் ஜோக்ஜா நகரத்தில், அதிலும் சோடே ஆற்றங்கரைச் சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் எங்கள் தெருவில், ஒருவர் முகத்துக்கு நேரே "இல்லை" என்று சொல்வதும் அவர் சட்டையில் குழம்பைக் கொட்டுவதும் ஒன்றுதான்.

அவரிடம் இருந்தது ஓர் அலுமினிய ஏணி. கடைப் பலகைக்கு வண்ணம் அடிப்பதற்காக வாங்கியது. கடைசிவரை பலகைக்கு வண்ணம் அடிக்கவில்லை. தெருவுக்கே பொதுவாக ஓர் இணைப்பு வாங்கி, வீட்டுக்கு வீடு கேபிள் இழுத்துக்கொள்ளலாம் என்று கூட்டத்தில் முடிவான அன்று, "ஏதாவது ஆச்சுன்னா மேல ஏறி யார் பாக்கறது?" என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் ஏணியை நினைத்துக்கொண்டு கர்சோனோவைப் பார்த்தார்கள். எனக்கு இதெல்லாம் தெரியாது என்று அவர் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "அதுக்கென்ன" என்றுவிட்டார். சாகும்வரை அந்த "அதுக்கென்ன"வைச் சுமந்துகொண்டு கூரை கூரையாக ஏறினார்.

பிழைப்புக்கு அவர் வைத்திருந்தது நகல் எடுக்கும் கடை, கல்லூரி வாசலில். என் ஆய்வேட்டை நகலெடுக்கக் கொடுத்தபோதுதான் அவரை முதலில் பார்த்தேன். மூன்றாம் இயலை முன்னாலும் இரண்டாம் இயலைப் பின்னாலும் வைத்துத் தைத்துக் கொடுத்துவிட்டார். தேர்வாளர்கள் ஒன்றும் சொல்லவில்லை. ஒருவர் மட்டும், "அமைப்பு புதுமையா இருக்கு" என்றார். மறுநாள் சண்டை போடப் போனேன். உட்காரவைத்து, தேநீர் வரவழைத்து, என் தலைப்பு எவ்வளவு அருமையானது என்று பேசிக்கொண்டே இருந்தார். சண்டையை எந்த இடத்தில் நுழைப்பது என்று தெரியாமல் திரும்பி வந்தேன். அடுத்த வாரம் மறுபடியும் போனேன். இப்படியே போய்க் கல்யாணத்தில் முடிந்துவிட்டது.

வைஃபை வைத்தியத்தில் அவருக்குத் தெரிந்த மருந்து ஒன்றே ஒன்று. பெட்டியை அணைப்பார். அந்த வீட்டில் கொடுக்கும் தேநீரைக் குடித்து முடிப்பார். பெட்டியைப் போடுவார். தேநீர் சூடாக இருந்தால் பெட்டிக்கு ஓய்வு கூடுதலாகக் கிடைக்கும். "நம்மள மாதிரிதாங்க அதுவும். கொஞ்ச நேரம் யாரும் தொந்தரவு பண்ணாம இருந்தா, தானா சரியாயிடும்" என்பார். பாதிப் பெட்டிகள் இதிலேயே குணமாகிவிட்டன.

மீதிப் பெட்டிகளில் கோளாறு இல்லை, வீட்டுக்காரர்கள்தான் கோளாறு. எங்கள் தெருவில் வைஃபைப் பெட்டியைக் கல்யாணத்துக்கு வந்த பரிசைப்போலத்தான் நடத்தினார்கள். ஒரு வீட்டில் கண்ணாடி அலமாரிக்குள், கோப்பை தட்டுகளுக்கு நடுவே வைத்துப் பூட்டியிருந்தார்கள். இன்னொரு வீட்டில் மீன் தொட்டிக்குப் பின்னால் இருந்தது. துமினா அக்காவின் தின்பண்டக் கடையில் அதற்குப் பின்னல் துணியில் சட்டையே தைத்துப் போட்டிருந்தார்கள். துணியைத் தூக்கினால் உள்ளே பல்லி முட்டை. கதகதப்பு அப்படி.

இதை இங்கே வைக்காதீர்கள் என்று கர்சோனோ ஒரு வீட்டிலும் சொன்னதில்லை. "இவ்வளவு அழகான பெட்டி, வர்றவங்க கண்ணுல படற மாதிரி உசரத்துல இருந்தா எவ்வளவு கௌரவமா இருக்கும்" என்பார். அடுத்த நாள் பெட்டி உயரத்தில் இருக்கும். துமினா அக்காவிடம், "துணி ரொம்ப நேர்த்தி. தூசி படிஞ்சு வீணாப்போயிடுமேன்னுதான் எனக்குக் கவலை" என்றார். துணி மடித்துப் பெட்டகத்துக்குள் போய்விட்டது.

சரியாகிவிட்டதா என்று கேட்கவும் முடியாது. கேட்டால் யாரும் இல்லை என்று சொல்லப்போவதில்லை. வெயிலில் கூரை ஏறி இறங்கிய மனிதரிடம் எப்படிச் சொல்வார்கள்? "ரொம்ப நல்லா ஆயிடுச்சு, பாவம் உங்களுக்குத்தான் சிரமம்" என்பார்கள். அதனால் அவர் வேறு வழி கண்டுபிடித்தார். இரண்டு நாள் கழித்து அந்தப் பக்கம் போகிறவர்போலப் போய், "நேத்து தொடர்ல அந்த மருமக பொழச்சுக்கிட்டாளா?" என்று கேட்பார். முழுக்கதையும் வந்தால் வைஃபை நலம். "ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க... அப்புறம் என்னமோ ஒரு வட்டம் சுத்திக்கிட்டே இருந்துச்சு" என்று பதில் வந்தால், மாலையில் ஏணியோடு கிளம்புவார். ஏணியின் அடியைப் பிடிக்க நான். அவர் நடத்திய நிறுவனத்தில் மொத்த ஊழியர்கள் நாங்கள் இருவர்தான்.

வீட்டுக்கு வீடு தேநீர் குடித்தவருக்குச் சர்க்கரை ஏறாமல் என்ன செய்யும்? டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "சர்க்கரை வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்று நானும் கெஞ்சினேன். "அவங்க ஆசையாப் போட்டுக் கொண்டுவர்றாங்க. எப்படிச் சொல்றது?" என்பார். போன மாதம் அவருடைய நாற்பதாம் நாள் ஓதலுக்கு வந்தவர்களுக்கு நானும் சர்க்கரை தூக்கலாகப் போட்ட தேநீரைத்தான் கொடுத்தேன். அவர் வீட்டிலிருந்து வேறு மாதிரி கொடுத்தால் நன்றாக இருந்திருக்காது.

அவரை நினைத்தால் எனக்கு வெனிங்கின் நேர்காணல்தான் முதலில் நினைவுக்கு வருகிறது.

வெனிங், கடைசி வீட்டுப் பரியெம் அத்தையின் மகள். செவிலியர் படிப்பு முடித்தவள். ஜப்பானில் முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போக வேண்டும் என்று ஒரு வருடம் ராப்பகலாக அந்த மொழியைப் படித்தாள். பாத்திரம் தேய்க்கும்போதுகூட ஜப்பானிய மொழியில் முணுமுணுப்பாள். காணொளியில் நேர்காணல் வந்தது. இரண்டாவது கேள்வியில் எங்கள் இணைப்பு அறுந்தது. வாய் பாதி திறந்தபடி உறைந்துபோன ஒரு முகத்தைத்தான் ஜப்பான்காரர்கள் பார்த்தார்கள். பார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஜப்பானுக்கு ஆள் அனுப்பும் அலுவலகத்தில் அழுது புரண்டு இன்னொரு வாய்ப்பு வாங்கினாள். கடைசி வாய்ப்பு. இதுவும் போனால் அடுத்த வருடம்தான் ஆள் எடுப்பார்கள். அதற்குள் அவள் வயது வரம்பைத் தாண்டிவிடுவாள். படித்த மொழியைப் பாத்திரங்களோடுதான் பேச வேண்டும்.

மேலே பல்கலைக்கழகத்துப் பக்கம் அவளுக்கு ஒரு தோழி இருந்தாள். நல்ல இணைப்பு, அமைதியான அறை. அங்கே போகத்தான் வெனிங் நினைத்தாள். பரியெம் அத்தை விடவில்லை.

"கர்சோனோ தம்பி என்னடி நினைக்கும்? நம்ம தெரு லைன் வேண்டாம்னு போறாங்களேன்னு மனசு ஒடிஞ்சு போயிடாதா?"

அதே நேரம் எங்கள் வீட்டில் கர்சோனோ சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அந்தப் பொண்ணு வேற எங்கயாவது போய்ப் பேசக்கூடாதா?" என்றார்.

"நீங்களே போய்ச் சொல்லுங்களேன்."

"நான் எப்படிச் சொல்றது? பொண்ணு தன் வீட்ல இருந்தே பேசணும்னு பரியெம் அத்தைக்கு ஆசை இருக்கும். மனசு ஒடிஞ்சு போயிடும்."

நானும் போய்ச் சொல்லவில்லை. நான் மட்டும் என்ன வேற்றூர்க்காரியா?

ஆக, யாருக்கும் விருப்பமில்லாத இடத்தில் நேர்காணல் நடப்பது என்று எல்லோரும் மனமொத்து முடிவு செய்தோம்.

இதற்காகத் தெருக்கூட்டம் கூடியது. எங்கள் தெருத்தலைவர் சுதார்மாஜி, வட்டார அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். ஒலிபெருக்கி என்றால் உயிர். வாடகைக்கு எடுத்த ஒலிபெருக்கியைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியாது. அன்று எழுந்து நின்று பேசினார்.

"வெனிங் நம்ம வீட்டுப் பொண்ணு. அவளுக்குக் கேள்வி கேக்கற நேரத்துல தெருவுல ஒருத்தரும் வைஃபை தொடக் கூடாது. எல்லாரும் பெட்டியை அணைச்சுடணும். மொத்த சிக்னலும் அவளுக்குத்தான்!"

கைதட்டல் எழுந்தது. பரியெம் அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெட்டியை மீன் தொட்டிக்குப் பின்னால் வைத்திருந்த வீட்டுக்காரர்கூட, "எங்க வீட்ல மீனுக்கு வெளிச்சத்தைக்கூட அணைச்சுடறோம்" என்றார். கர்சோனோவுக்குப் பெருமை தாங்கவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து வரும் இணைப்பு முதலில் வந்து சேர்வது தலைவர் வீட்டுக்கு. அவர் ஓய்வுபெற்றபோது எடுத்த படத்துக்குக் கீழே ஒரு மேசை, அதன்மேல் தாய்ப்பெட்டி. அதிலிருந்துதான் எல்லா வீட்டுக்கும் கேபிள் பிரிந்து போகிறது. தெருவில் குழந்தைகளுக்கும் தெரிந்த விஷயம்.

நேர்காணல் ஒன்பது மணிக்கு. கர்சோனோவும் நானும் ஏணியோடு முன்கூட்டியே போய்விட்டோம். வெனிங் இடுப்புக்கு மேலே வெள்ளைச் சட்டை, கறுப்புக் கோட்டு. கீழே வீட்டில் கட்டும் பூப்போட்ட சாரோங். பெட்டியில் உலக உருண்டை படம் போட்ட விளக்கு பச்சையாக எரிந்தது. அது பச்சையாக இருந்தால் உலகம் நம்மோடு பேசும் என்பது கர்சோனோவின் பாடம். எல்லாம் சரியாக இருந்தும், அத்தை தேநீர் கொண்டுவந்துவிட்டதால் உட்கார்ந்தார்.

அப்போது பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் தலைவர் குரல் வந்தது. "தெருவாசிகளே, நேரம் நெருங்கிவிட்டது. அணைத்துவிடுங்கள். வெனிங்குக்காக அணைத்துவிடுங்கள்." தெரு முழுக்கப் பெட்டிகள் அணைந்துகொண்டே வருவது, காற்று நிற்பதுபோல எனக்குத் தோன்றியது.

கோப்பையில் பாதிகூடக் குடித்திருக்க மாட்டார். உலக உருண்டை சிவப்பானது.

"அண்ணே!" என்றாள் வெனிங்.

"ஒண்ணுமில்லம்மா. கொஞ்சம் ஓய்வு கேக்குது." பெட்டியை அணைத்தார். கொதிக்கக் கொதிக்க மீதித் தேநீரை விழுங்கினார். போட்டார். சிவப்பு. கேபிளைப் பிடுங்கிக் குத்தினார். சிவப்பு. பெட்டியைத் தட்டிப் பார்த்தார், கவிழ்த்துப் பார்த்தார், பல்லி இருக்கிறதா என்று குலுக்கிப் பார்த்தார். வெளியே வந்து ஏணியில் ஏறி, கம்பத்தில் இரண்டு கேபிள்கள் சேரும் இடத்தில் இருந்த முடிச்சைப் பிரித்து இழுத்தார். ஏதோ படக்கென்று ஒடிந்த சத்தம் கேட்டது.

"என்ன ஒடைஞ்சது?" என்றேன் கீழேயிருந்து.

"ஒண்ணுமில்ல" என்றார். உடைந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

வெனிங் கோட்டும் சாரோங்குமாக வாசலுக்கு வந்துவிட்டாள். "நான் பாலத்துக்கு ஓடிடறேன் அண்ணே. அங்க போன்ல சிக்னல் வரும்."

"பாலத்துல லாரி போகும், மோட்டார் பைக் போகும். அமைதியான ரூம்ல இருக்கணும்னு அவங்க சொல்லியிருக்காங்கல்ல? நீ உள்ள உக்காரு. நான் பாக்கறேன்."

அவள் உள்ளே போனாள். கர்சோனோவின் முகம் வேர்த்திருந்தது. மற்ற வீடுகளில் இணைப்பு இருக்கிறதா என்று தெரிந்தால் கோளாறு எங்கே என்று கண்டுபிடித்துவிடலாம். பக்கத்து வீட்டுக்கு ஓடினோம்.

"உங்க வீட்ல வைஃபை வருதா?"

"வரலையே!" என்றார்கள் பூரிப்போடு. "நாங்க அணைச்சு அரை மணி ஆச்சு!"

அடுத்த வீட்டிலும் அதே பூரிப்பு. அதற்கடுத்த வீட்டில் பிளக்கையே கழற்றிக் கையில் வைத்துக் காட்டினார்கள். வருகிறதா இல்லையா என்று சொல்வதற்குத் தெருவில் ஒரு பெட்டியும் விழித்திருக்கவில்லை.

துமினா அக்கா கடைக்குப் போனோம்.

"அக்கா, ஒரே ஒரு நிமிஷம் உங்க பெட்டியைப் போடுங்க."

"நானா? மாட்டேன் தம்பி. அந்தப் பொண்ணோட சிக்னலை நான் திங்கவா?"

"இல்லக்கா, சும்மா பாக்கத்தான்."

"சும்மாகூடப் போட மாட்டேன். எனக்கும் தொடர் இருக்கு, அந்த மருமகளை இன்னைக்குத்தான் கண்ணு முழிக்க வைக்கிறாங்க. நான் கல்லு மாதிரி உக்காந்திருக்கேன் பாருங்க. தலைவரே பள்ளிவாசல்ல சொல்லி முடிச்ச கையோட வீட்டுக்குப் போய்த் தன் பெட்டியைக் கைக்குட்டை போட்டு மூடிட்டார். எவ்வளவு பெரிய மனசு! அதைப் பாத்தப்புறம் எனக்கு மனசு வருமா?"

கர்சோனோ அப்படியே நின்றார்.

"மூடிட்டாரா? அணைச்சுட்டாரா?"

"அது..." துமினா அக்கா, வறுத்த சோயா டெம்பே வைக்கும் தட்டைத் துடைக்க ஆரம்பித்தார். "ஜன்னல் வழியாப் பாத்தேன். விளக்கு எதுவும் எரியற மாதிரி தெரியல. எனக்கும் கொஞ்சம் யோசனையாத்தான் இருந்துச்சு. ஆனா தலைவருக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகுது?"

அந்த ஜன்னல் வழியாக அன்று காலையில் பாதித் தெரு பார்த்திருந்தது என்று பிறகு தெரிந்தது. எல்லோருக்கும் கொஞ்சம் யோசனையாகத்தான் இருந்திருக்கிறது.

தலைவர் வீட்டுக்குப் போனோம். அவர் தாய்ப்பெட்டிக்குப் பக்கத்தில் காவலுக்கு உட்கார்ந்திருந்தார். பெட்டிமேல் இஸ்திரி போட்ட வெள்ளைக் கைக்குட்டை. பிளக்கைப் பிடுங்கி, வயரை அழகாகச் சுற்றி, ரப்பர் வளையம் போட்டு வைத்திருந்தார்.

"வாங்க கர்சோனோ! தங்கச்சியும் வந்திருக்கா? உக்காருங்க. எப்படிப் போகுது நம்ம பொண்ணுக்கு?"

"ரொம்ப நல்லாப் போகுது தலைவரே" என்றார் கர்சோனோ.

நான் அவர் முதுகில் கிள்ளினேன்.

"நல்லா... இன்னும் ஆரம்பிக்கல."

"ஆரம்பிக்கட்டும், ஆரம்பிக்கட்டும். பாத்தீங்களா? என் கையாலயே பிடுங்கினேன். சொல்றவன் முதல்ல செஞ்சு காட்டணும் இல்லையா? பேத்தி கார்ட்டூன் கேட்டு அழுதா. முடியாதுன்னுட்டேன்."

"பெரிய தியாகம் தலைவரே."

இன்னொரு கிள்ளு. சுவர்க் கடிகாரத்தில் பெரிய முள் மேலே ஏறிக்கொண்டிருந்தது. கர்சோனோவின் மூளை வேலை செய்வதைப் பக்கத்திலிருந்து என்னால் கேட்க முடிந்தது.

"ஒரே ஒரு குறைதான்" என்றார். "இவ்வளவு பெரிய காரியம். முறைப்படி தொடங்கி வைக்க ஆள் இல்லை."

தலைவர் நிமிர்ந்தார். "தொடங்கி வைக்கணுமா?"

"நீங்கதான் வைக்கணும். இந்தப் பிளக்கை உங்க கையால குத்தினா, அதுதான் தொடக்கம்."

"குத்தினா வெனிங் சிக்னல் குறையுமே?"

"தலைவர் கையால குறைஞ்சா அது ஆசீர்வாதம்."

இதைவிட நல்ல வழி யாருக்கும் தோன்றியிருக்காது. தலைவர் உள்ளே போனார். வருவார் வருவார் என்று பார்த்தால், விழாவுக்குப் போடும் பாத்திக் சட்டையும் கறுப்புத் தொப்பியும் போட்டுக்கொண்டு, மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். ரப்பர் வளையத்தைக் கழற்றினார். பிளக்கை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

"அஸ்ஸலாமு அலைக்கும். மதிப்புக்குரிய மகளிர் அணித் தலைவி அவர்களே" என்று மனைவியைப் பார்த்தார். "தொழில்நுட்பப் பொறுப்பாளர் கர்சோனோ அவர்களே, அவரது துணைவியார் அவர்களே. இந்த ஆற்றங்கரை ஒரு காலத்தில் எப்படி இருந்தது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்."

எண்ணிப் பார்த்தார். வெள்ளம் வந்தது, கரை கட்டியது, தார் போட்டது, தார் போட மனு எழுதியது, மனு காணாமல் போனது. கடிகாரம் ஒன்பது அடித்தது. அடிப்பதற்கு மரியாதை கொடுத்துக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, மனு கிடைத்த கதையைத் தொடங்கினார்.

கர்சோனோ எழுந்து நின்றார்.

"தலைவரே. நீங்க அணைச்சதாலதான் அந்தப் பொண்ணுக்கு லைன் இல்லை. தாய்ப்பெட்டியை அணைச்சா தெருவுக்கே இல்லை. தப்பு பண்ணிட்டீங்க. குத்துங்க."

தலைவர் மனைவி தரையைப் பார்த்தார். தலைவருக்குக் கோபம் வந்த மாதிரி தெரியவில்லை. நடுத்தெருவில் சாரோங் அவிழ்ந்துபோனவரைப்போல நின்றார். கை நகரவில்லை. கர்சோனோ அந்தக் கையிலிருந்து பிளக்கை வாங்கினார். வாங்கினார் என்பதைவிடப் பிடுங்கினார் என்பதுதான் சரி. சுவரில் குத்தினார். கைக்குட்டையை எடுத்தார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு யாருடைய கையிலிருந்தும் அவர் கேட்காமல் ஒரு பொருளை எடுத்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பெட்டி சோம்பலாக விழித்தது. ஒரு விளக்கு வந்தது. யோசித்து இன்னொன்று வந்தது. தேநீரும் இல்லை, பேச்சும் இல்லை. நாங்கள் நான்கு பேரும் அந்த விளக்குகளையே பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசி விளக்கு பச்சையானதும் கர்சோனோ ஓடினார். சொல்லிக்கொள்ளாமல் ஓடினார். நான்தான் தலைவருக்கும் அவர் மனைவிக்கும் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டுப் பின்னால் ஓடினேன்.

வெனிங் வீட்டில் உலக உருண்டை இன்னும் சிவப்பாகவே இருந்தது.

"வரல அண்ணே" என்றாள். அழவில்லை. அழுதால் கண் வீங்கிவிடும் என்று அடக்கிக்கொண்டிருந்தாள்.

கர்சோனோ தலையில் அடித்துக்கொண்டு ஏணிக்குப் போனார். சற்று முன் கம்பத்தில் ஒடித்து வைத்தது, கேபிள் முனையைப் பிடித்து வைக்கும் சின்னக் கொக்கி. அது இல்லாமல் முனை நழுவி நழுவி வந்தது. மேலே ஏறி அழுத்திப் பிடித்தார்.

"பச்சை!" என்று உள்ளேயிருந்து சத்தம்.

கையை எடுத்தார்.

"சிவப்பு!"

மறுபடி பிடித்தார். "இப்படியே இருக்கேன். நீ பேசு!"

அப்படியே இருந்தார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜன்னல் வழியாக வெனிங்கின் குரல் கேட்டது. முதலில் மன்னிப்பு கேட்கிற குரல், அது எந்த மொழியிலும் புரியும். சந்து முனையில் ரொட்டி வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தது. கர்சோனோ மேலேயிருந்து காலால் சைகை காட்டினார். வண்டிக்காரனுக்குப் புரியவில்லை. துமினா அக்கா ஓடிப்போய், பாட்டை நிறுத்தும்வரை ரொட்டி வாங்கிக்கொண்டே இருந்தார்.

"கை வலிக்குதா?" என்று ரகசியமாகக் கேட்டேன்.

"இல்ல."

"பொய் சொல்லாதீங்க."

"கொஞ்சம்."

"மேலேருந்து என்ன தெரியுது?"

"தலைவர் வீடு. கதவைச் சாத்திட்டார்." தோளால் கன்னத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்குப் போய் மன்னிப்பு கேக்கணும்."

"என்னன்னு கேப்பீங்க?"

"அதான் புரியல. சொன்னது நிஜமாப் போச்சு. பொய்யா இருந்தா சுலபமா கேட்டிருக்கலாம்."

உள்ளே திடீரென்று சிரிப்புச் சத்தம் கேட்டது. வெனிங்கின் சிரிப்பு அல்ல, திரைக்குள்ளிருந்து வரும் சிரிப்பு. என்ன நடந்தது என்று பிறகு சொன்னாள். ஏன் தாமதம் என்று கேட்டிருக்கிறார்கள். உடம்பு சரியில்லை என்று சொல்ல வாக்கியம் தயாராக வைத்திருந்தாளாம். வாயில் வந்தது வேறு. தனக்குச் சிக்னல் நிறைய வர வேண்டும் என்று தெருவே வைஃபையை அணைத்ததையும், எல்லோருக்கும் முன்மாதிரியாக இருக்கத் தலைவர் தாய்ப்பெட்டியையே அணைத்ததையும், இப்போது ஒருவர் கம்பத்தில் கேபிளைக் கையால் பிடித்துக்கொண்டிருப்பதையும் அப்படியே சொல்லிவிட்டாள். நேர்காணல் எடுத்தவர்களில் வயதான ஓர் அம்மாள் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். அந்த அம்மாள் கேட்டது ஒன்றுதான்: "அவருக்குக் கை வலிக்காதா? சீக்கிரம் முடிப்போம்."

கதவு திறந்தபோது சந்து நிறைய ஆட்கள் நின்றிருந்தார்கள்.

"எப்படிம்மா பண்ணின?"

"நல்லா பண்ணினேன். எடுத்துப்பாங்க" என்றாள் வெனிங்.

பரியெம் அத்தை பதறிப்போய் அவள் வாயைப் பொத்தினார். "இப்படியாடி சொல்றது? ஏதோ பண்ணியிருக்கேன், எல்லாரும் துஆ செய்யுங்கன்னு சொல்லு!"

"ஏதோ பண்ணியிருக்கேன். எல்லாரும் துஆ செய்யுங்க" என்றாள் வெனிங். ஆனால் சிரிப்பை மறைக்க முடியவில்லை. கர்சோனோ இறங்கி வந்தபோது அவர் விரல்கள் மடங்கியபடியே இருந்தன. ஒவ்வொன்றாக நீவிப் பிரித்துவிட்டேன்.

எடுத்துக்கொண்டார்கள்.

கர்சோனோ மறுநாளே தலைவர் வீட்டுக்குப் போனார். என்ன பேசினார் என்று என்னிடம் சொல்லவில்லை. தலைவர் முன்பைவிட மரியாதையாக நடத்தினாராம். அதுதான் பயமாக இருக்கிறது என்றார். தேநீரும் கொடுத்திருக்கிறார்கள், சர்க்கரையே போடாமல். "அவ்வளவு கோபம்" என்று நொந்துகொண்டார். அந்த வீட்டில் மட்டும் மாதக்கணக்கில் அதே தேநீர். எனக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? பெட்டி எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள் என்று அடிக்கடி அந்த வீட்டுக்கே அவரை அனுப்பிவைத்தேன்.

வெனிங் கிளம்பிய நாளில் சந்து முனையில் பந்தல் போட்டு, மஞ்சள் சோற்றைக் கூம்பாகக் குவித்து, விருந்து வைத்தார்கள். விமான நிலையத்துக்குப் போகும் வண்டி மேலே பாலத்தில் நின்றுகொண்டிருந்தது. தலைவர் ஒலிபெருக்கியை வாங்கினார். கர்சோனோ நிமிர்ந்து உட்கார்ந்து, கைகளை மடியில் கோத்துக்கொண்டார். எவ்வளவு நேரமானாலும் அசைவதில்லை என்ற தீர்மானம் முகத்தில் தெரிந்தது.

"மதிப்புக்குரிய தெருவாசிகளே" என்றார் தலைவர். "இந்த ஆற்றங்கரை ஒரு காலத்தில்..."

மேலே வண்டிக்காரன் ஒருமுறை ஹார்ன் அடித்தான். தலைவர் நிறுத்தினார். கூட்டத்தில் தேடி, கர்சோனோவைப் பார்த்தார். பிறகு வெனிங்கைப் பார்த்தார்.

"நேரமாச்சு கண்ணு. போய்ட்டு வா" என்று சொல்லி ஒலிபெருக்கியைக் கீழே வைத்துவிட்டார்.

வெனிங் ஒவ்வொருவர் கையையும் எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டு, பயணப் பெட்டியைத் தூக்கியபடி படியேறிப் போனாள். வண்டி போகும்வரை நின்று பார்த்தோம். வீட்டுக்குத் திரும்பினோம். கர்சோனோ வாசலில் செருப்பைக் கழற்றினார்.

"இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம் மனுஷன்" என்றார். "நல்லாத்தான் ஆரம்பிச்சார்."